மீண்டும் அழைப்பீர்களா?

காலை பத்து மணிக்கு ஒச்சம்மாவின் கைபேசிக்கு அந்தச் செய்தி வந்தது. 'உங்கள் நம்பகப் புள்ளி 31. உங்களை அழைத்தவர்கள் மறுமுறை அழைப்பதில்லை. உங்களைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் சொல்வதில்லை. புள்ளி 30-க்குக் கீழே இறங்கினால் உங்கள் கடை மூடப்படும். இன்றைய நாள் இனிய நாளாக அமையட்டும்.' கடைசியில் ஒரு மஞ்சள் பொம்மை பல்லைக் காட்டிச் சிரித்தது.

ஒச்சம்மா அதை இரண்டு முறை படித்தாள். தனக்குத்தான் ஏதாவது தப்பாகப் புரிகிறதோ என்று வேன் ஓட்டும் மாயனிடம் கொடுத்தாள். மாயனும் அதையேதான் படித்தான்.

"நம்மள எவன்க்கா திரும்பக் கூப்பிடுவான்?" என்றான்.

அதுதானே. ஒச்சம்மா நடத்துவது ஐஸ் பெட்டி. மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் பத்தொன்பது வருஷமாக, சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறாள். செத்தவர் வீட்டில் போய், 'ஆகா, அருமையான பெட்டி, அடுத்த தடவையும் இவங்களையே கூப்பிடுவோம்' என்று யார் சொல்வார்கள்? அப்படிச் சொல்கிறவனை மதுரையில் செருப்பைக் கழற்றி அடிப்பார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்றுகூடச் சொல்லமாட்டார்கள். எழுந்தோம், நடந்தோம் என்று போய்விடுவார்கள். வருகிறேன் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு நாள் குறிக்கிற மாதிரி. ஒச்சம்மாவும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு வாசலிலும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

இதெல்லாம் அத்தாட்சிக்குத் தெரியவில்லை. அத்தாட்சி என்பது ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த செயலி. குழாய் ரிப்பேர்க்காரர் முதல் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண் வரை, முன்பின் தெரியாதவர்களை நம்பி வீட்டுக்குள் விடலாமா என்று புள்ளி போட்டுச் சொல்வது அதன் வேலை. ஆரம்பத்தில் நல்லதாகத்தான் இருந்தது. போகப் போக, அதில் பெயர் இல்லாத வண்டியை அடுக்ககங்களும் தெருச் சங்கங்களும் உள்ளேயே விடுவதில்லை என்றாகிவிட்டது. அதில் கடை மூடப்பட்டால் ஒச்சம்மாவுக்கு மதுரையில் முக்கால்வாசிக் கதவுகள் மூடிவிடும்.

"எடுரா வண்டிய," என்றாள். "அந்தப் பொம்மைய வச்சவன் யாருன்னு பாத்துட்டு வருவோம்."

*

மாட்டுத்தாவணி தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அத்தாட்சியின் அலுவலகம் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், குறைகளைச் செயலியிலேயே பதியலாம் என்று இனிமையாகச் சொன்னாள். ஒச்சம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, ஒங்க வீட்ல அடுத்த சாவு எப்பன்னு சொல்லு. அதுக்கும் நானே வாரேன். அப்பப் புள்ளி ஏறுமா?"

இரண்டு நிமிடத்தில் ஒரு இளைஞன் ஓடிவந்தான். யுகேந்திரன் என்று பெயர். முப்பது வயது இருக்கும். புள்ளிக் கணக்கை எழுதுகிற குழுவுக்கு அவன்தான் தலைவன். ஓர் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். ஒச்சம்மா தண்ணீரைத் தொடவில்லை.

"அம்மா, கோவப்படாம கேளுங்க. ஒரு ஆட்டோக்காரர் நல்லவரா இருந்தா என்ன பண்ணுவோம்? மறுபடி அவரையே கூப்பிடுவோம். நாலு பேர்கிட்ட சொல்லுவோம். அந்த ரெண்டையும்தான் எங்க கணக்கு பாக்குது. ஒருத்தர் ஆயிரத்து நூறு வீட்டுக்குப் போயிருக்காரு, ஒருத்தர்கூடத் திரும்பக் கூப்பிடல, ஒரு வார்த்தை நல்லா சொல்லலன்னா, அங்க ஏதோ சரியில்லன்னு அது நெனைக்குது."

"ஆட்டோவும் ஐஸ் பெட்டியும் ஒண்ணாப்பா?"

அவன் கணினியைத் திருப்பி ஒச்சம்மாவின் பக்கத்தைப் பார்த்தான். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தாட்சி அனுப்பியிருந்த கேள்விகள் வரிசையாக இருந்தன. 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? இவரை மீண்டும் அழைப்பீர்களா? நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' ஆயிரத்து நூறு வீட்டுக்கும் அந்த மஞ்சள் பொம்மை போயிருந்தது. யுகேந்திரனின் முகம் சுருங்கியது.

"இத யாரும் கவனிக்கலம்மா," என்றான் மெதுவாக.

"நீ கவனிக்கலன்னு சொல்லு." ஒச்சம்மா குரலை உயர்த்தினாள். "இருவது வருசத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரரு சித்திரை மாசம் செத்தாரு. அவரு தம்பி மஸ்கட்லருந்து வரணும்னு ரெண்டு நாள் வச்சிருந்தோம். வாடகைக்கு வந்த பெட்டி வெளிய லைட்டு எரியுது, மோட்டாரு ஓடுது, உள்ள குளிரே இல்ல. மறுநா காலையில வீட்டுக்குள்ள ஒருத்தரும் நிக்க முடியல. அவ்வளவு பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு தெருவுல நிக்கிறாக. பெத்த தாயி வந்து மகன் மொகத்த முழுசாப் பாக்க முடியல. பெட்டிக்காரன ஒரு வார்த்தை கேக்கல நாங்க. சாவு வீட்ல எவன் சண்ட போடுவான்? அவன் பாட்டுக்கு வந்தான், எடுத்துட்டுப் போனான். அன்னைக்கி முடிவு பண்ணேன்ப்பா, இந்தத் தொழில நானே பாக்குறதுன்னு. இன்னைக்கி வரைக்கும் பெட்டிய எறக்கிட்டு, உள்ள கைய விட்டுப் பாத்து, குளிரு ஏறுற வரைக்கும் வாசல்லயே ஒக்காந்திருப்பேன். கூட ஒரு ஜெனரேட்டரு கொண்டு போவேன். இதுக்கெல்லாம் ஒன் கணக்குல எடமிருக்கா?"

அவன் அந்தக் கேள்விகளை மறுபடி மேலிருந்து கீழே படித்தான். நல்ல பிள்ளைதான், வேலையில் அக்கறை உள்ளவன்தான். அதை ஒச்சம்மாவால் மறுக்க முடியவில்லை.

"ஒரே ஒரு வரிதாம்மா மாத்தணும்," என்றான் கடைசியில். "சாவுத் தொழிலுக்கு மட்டும் அந்தக் கேள்விய நிறுத்திடுறேன். வேலை முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள யாரும் கொறை சொல்லலன்னா, திருப்தின்னு எடுத்துக்கலாம். மௌனம் சம்மதம். சரியா?"

ஒச்சம்மா அப்போதுதான் தண்ணீரைக் குடித்தாள். அவன் சொன்னது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. தன் கதையை இப்போதுதான் அவனிடம் சொல்லி முடித்தாள், சாவு வீட்டு மௌனம் சம்மதம் இல்லை என்பது அதற்குள்ளேயே இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

*

ஒரே வாரத்தில் புள்ளி 99 ஆனது. மாயன் வேனுக்கு மாலை போட்டான். ஒச்சம்மாவுக்கும் சந்தோஷம்தான், அடுத்த ஆள்களின் பக்கங்களைப் பார்க்கிற வரைக்கும். மதுரையில் ஐஸ் பெட்டி வைத்திருக்கிற பதினான்கு பேருக்கும் 99. வில்லாபுரம் பாலகுருவுக்கும் 99.

பாலகுருவின் பெட்டிகள் எப்படிப்பட்டவை என்று தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். குளிரூட்டும் கேஸ் இறங்கிப்போன பெட்டிக்குப் புது பெயிண்ட் அடித்து, உள்ளே நீல விளக்குப் போட்டு அனுப்புகிற ஆள். அவன் பெட்டி போன வீடுகளில் ஊதுவத்தி கட்டுக்கட்டாகப் புகையும். ஆனால் எந்த வீட்டிலும் யாரும் வாயைத் திறந்ததில்லை. அத்தனை மௌனமும் இப்போது அவனுக்குப் புள்ளியாகச் சேர்ந்தது. பெட்டிகள் அதிகம் வைத்திருந்ததால் அத்தாட்சி அவனையே முதலில் காட்டியது.

பங்குனியில் ஒச்சம்மாவின் தலையில் இடி விழுந்தது. பழங்காநத்தத்தில் ஒரு வீடு. பெட்டியை வைத்துவிட்டு, குளிர் ஏறியதும் மாயனைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தவள், மனசு கேட்காமல் மதியம் மறுபடி போய்ப் பார்த்தாள். மாயன் டீ குடிக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில், செத்தவருக்கு ஒன்றுவிட்ட மருமகன் ஒருவன், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் போனைச் சார்ஜ் போட்டிருந்தான்.

ஒச்சம்மா கத்திவிட்டாள். சாவு வீடு என்று தெரியும். தெரிந்தும் கத்தினாள். "ஒம் மாமா அழுகுனாலும் பரவால்ல, ஒனக்குப் போன் சாகக் கூடாது, அப்படித்தான?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள்.

பெட்டியைக் கூப்பிட்டவன் அவன் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் சாவு என்றால், அத்தாட்சியே ஒரு துக்கக் குழு தொடங்கி, சொந்தபந்தம் எல்லாரையும் அதில் சேர்த்துவிடும். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மயானம் என்ற தகவல் எல்லாம் அதில்தான் வரும். குழுவில் இருக்கிற யார் வேண்டுமானாலும் புள்ளி போடலாம். அந்த மருமகன் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'துக்க வீட்டில் மரியாதை தெரியாத பொம்பளை' என்று எழுதினான். அதற்குள் அவன் போன் நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தது.

ஆயிரத்து நூறு மௌனங்களுக்கு நடுவில் அந்த ஒரு குரல்தான் கேட்டது. மறுநாளே ஒச்சம்மாவின் புள்ளி 24 ஆகி, கடை மூடப்பட்டது. யுகேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"சாவு வீட்ல யாருமே கொறை சொல்றதில்லைன்னு நீங்கதாம்மா சொன்னீங்க," என்றான் அவன், சங்கடத்தோடு. "அப்படியும் ஒருத்தர் சொல்றாருன்னா அது ரொம்பப் பெரிய தப்பா இருக்கணும்னு கணக்கு எடுத்துக்குது. அதுக்கு எடை அதிகம். ஒருத்தருக்காக மாத்துனா, நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

"அந்தப் பாலகுருவுக்கு எவ்வளவு புள்ளி?"

"தொண்ணூத்தொம்பது."

"அவன் பெட்டிக்குள்ள ஒரு நாளு கைய விட்டுப் பாத்திருக்கியா?"

"எங்க வேலை அது இல்லம்மா. மத்தவங்க சொல்றத வச்சுத்தான்…"

ஒச்சம்மா போனை வைத்துவிட்டாள். அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆறு பெட்டியில் நான்கு ஷெட்டில் தூங்கின. அத்தாட்சியை நுழையவிடாத பழைய தெருக்கள் ஏழெட்டு இருந்தன. அங்கிருந்து வந்த அழைப்புகளில் காலம் ஓடியது.

*

அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்காம் நாள், மத்தியானம் ஒரு மணிக்கு யுகேந்திரன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அம்மா, எங்க அம்மா தவறிட்டாங்க. காலையில. அக்கா கனடாலருந்து வர்றா, நாளைக்கு மத்தியானம் ஆயிடும். வந்த பெட்டி குளிரவே மாட்டேங்குது. லைட்டு எரியுது, மோட்டார் ஓடுது…"

"யாரு பெட்டி?" என்றாள் ஒச்சம்மா. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"அத்தாட்சி மொதல்ல காட்டுன ஆளுதாம்மா," என்றான்.

"ஒன் அத்தாட்சியில பதிமூணு பேரு இருக்காகள்ல. வேற ஆளக் கூப்பிடு."

"பதிமூணு பேருக்கும் தொண்ணூத்தொம்பதும்மா." அவன் உடைந்துபோனான். "இதுல எவன் நல்லவன்னு எனக்கே தெரியல."

ஒச்சம்மாவுக்கு நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. இரண்டு மாதமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவை. ஆனால் உள்ளே படுத்திருப்பது அவன் இல்லை, அவனைப் பெற்றவள். "குளிக்க வைக்காதீக, தொறக்காதீக, வாரேன்," என்று சொல்லிவிட்டு மாயனைக் கூப்பிட்டாள்.

அடுக்ககத்தின் தானியங்கிக் கதவு அவளுடைய வேனைப் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டியது. யுகேந்திரனே இறங்கி வந்து, காவலாளியோடு சேர்ந்து கதவைக் கையால் தள்ளித் திறந்தான். மேலே பாலகுருவின் பெட்டி நீல வெளிச்சத்தில் ஜொலித்தது. ஒச்சம்மா மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். வெளியில் இருக்கிற சூடுதான் உள்ளேயும் இருந்தது. அந்த அம்மாவின் நெற்றியில் வைத்த விபூதி வேர்வையில் நனைந்தது போல ஈரமாகக் கலைந்திருந்தது.

பதினைந்து நிமிடத்தில் பெட்டியை மாற்றினார்கள். பாலகுருவின் ஆள் ஒருவன் வந்து பழைய பெட்டியை எடுத்துப் போனான். யுகேந்திரனும் அவன் சித்தப்பாவும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தாள். குளிர் ஏறியது. மறுநாள் மகள் வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அம்மாவின் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது.

மூன்று மணிக்கு உடலை எடுத்து வெளியே கிடத்திக் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். வராந்தா முழுக்கச் சொந்தக்காரர்கள், எழுபது எண்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அன்று வந்தவர்கள். பெட்டி மாறிய கதை அவர்களுக்குத் தெரியாது. ஒச்சம்மா காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது, அங்கே இருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. பெட்டி முந்தின நாளே திரும்பிவிட்டதைக் காட்டிக்கொள்ளாமல், உடல் எடுக்கிற நேரம் பார்த்து பாலகுரு தன் கடையிலிருந்தே 'வேலை முடிந்தது' என்று அழுத்தியிருந்தான்.

யுகேந்திரன் ஈர வேட்டியோடு நின்று தன் போனைப் பார்த்தான். ஒச்சம்மாவும் எட்டிப் பார்த்தாள். 'குளிர்பெட்டி சேவை முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் குறை எதுவும் சொல்லாவிட்டால் முழுத் திருப்தி என எடுத்துக்கொள்ளப்படும்.' அவன் எழுதிய வரி.

"சொல்லு தம்பி," என்றாள் தாழ்ந்த குரலில். "அவன் பெட்டி குளிரலன்னு ரெண்டு வார்த்த. அமுக்கு."

"அம்மாவ வெளிய கெடத்திருக்கும்மா. இப்பப் போயி எப்படி…" அவன் கண் நிறைந்தது. போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நீர்க்குடம் எடுக்கப் போய்விட்டான்.

ஒச்சம்மா அங்கேயே நின்றாள். இன்னும் ஐம்பத்தாறு நிமிடம். அப்புறம் பாலகுருவுக்கு இன்னொரு முழுத் திருப்தி. நாளைக்கு இன்னொரு வீடு, இன்னொரு தாய். இத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, எல்லாரும் துக்கக் குழுவில் இருந்தார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கப் போவதில்லை. பழங்காநத்தத்து மருமகன் அப்போது அவள் நினைவுக்கு வந்தான். அவன் வாயைத் திறந்தது அவளுக்குத் தெரியும். எதற்காகத் திறந்தான் என்பதும் தெரியும்.

அவள் பெட்டியை மாயனிடம் தள்ளி, "கீழ போ," என்றாள். பிறகு வாசல்படியில் நின்று, திரும்பி, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"போயிட்டு வாரேன்! அடுத்த தடவையும் பெட்டிக்கு என்னையவே கூப்பிடுங்க!"

ஒரு நொடி ஒப்பாரியே நின்றுபோனது. அடுத்த நொடி வீடு பொங்கியது. "அடி சண்டாளி!" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். நாலு ஆண்கள் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். "யாரு இவ? எந்தக் கம்பெனிக்காரி? பேரப் பாருடா, போடுறா அவளுக்கு!" என்று அன்று வந்த ஒரு பெரியவர் கத்தினார். எழுபது கைகள் போனைத் தேடின. துக்கக் குழுவில் குளிர்பெட்டி என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, பாலகுருவின் பெயர். ஒச்சம்மாவின் பெயர் அத்தாட்சியில் எங்குமே இல்லை.

நீர்க்குடத்தோடு யுகேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் விஷயம் புரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் யாரையும் தடுக்கவில்லை.

ஒச்சம்மா வேனில் ஏறினாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தை. தலைமுடியில் கிழவி தூற்றிய மண் இருந்தது. "மன்னிச்சுக்க தாயி," என்று அந்த அடுக்ககத்தைப் பார்த்துக் கும்பிட்டு, வாய்விட்டு அழுதாள். அழுகையிலும் கோபம் தீரவில்லை. மாயன் வண்டியை எடுத்தான்.

அறுபத்திரண்டு ஒற்றை நட்சத்திரம். பாலகுருவின் கடை அன்று மாலையே மூடப்பட்டது. தான் எதற்காக விழுந்தோம் என்று அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் யுகேந்திரன் கூப்பிட்டான்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்மா," என்றான். "ஆனாலும் எங்க அம்மா கெடந்த வாசல்ல நீங்க அதச் சொல்லிருக்கக் கூடாது."

"ஆமாப்பா," என்றாள் ஒச்சம்மா. "நான் சொல்லிருக்கக் கூடாது. நீ சொல்லிருக்கணும்."